விலக்குக் கடிதம்

பதினோரு தலைகள் குனிந்திருக்கின்றன, ஒருமுறை எண்ணிவிட்டேன், மறுபடி எண்ண வேண்டிய அவசியமில்லை, இருந்தும் எண்ணுகிறேன், ஜன்னல் பக்கமிருந்து தொடங்கினால் திஸீரி ஐந்தாவது, கதவுப் பக்கமிருந்து தொடங்கினால் ஏழாவது, எப்படி எண்ணினாலும் அவள் என் மகள், எப்படி எண்ணினாலும் பத்து மணிக்குள் என் சட்டைப்பையில் இருக்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போட மாட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதம் பெரிதாக ஒன்றுமில்லை. அரைப் பக்கம். கீழே கையெழுத்திடும் நான், இன்னாரின் தந்தை, என் மகளைத் தமாஸிக்த் பாடத்திலிருந்து விலக்கிவிடக் கோருகிறேன். அரபி பேசும் இந்த ஓரான் நகரத்தில் இந்தப் பாடம் கட்டாயம் இல்லை, விரும்பியவர்கள் படிக்கலாம், விரும்பாதவர்கள் இப்படி ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுப் போகலாம், ஒவ்வொரு செப்டம்பரிலும் கத்தையாக வரும், பன்னிரண்டு வருடமாக நான் அவற்றை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன், பிள்ளைக்குச் சுமை அதிகம், பிள்ளைக்குக் கணக்கு டியூஷன், பிள்ளைக்குத் தலைவலி. அந்தக் காகிதங்களை நீட்டிய ஒரு தகப்பனையும் நான் மன்னித்ததில்லை. அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட கபைல்காரனாக இருந்துகொண்டே நீட்டியவர்களை வீதியில் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவேன். அப்படிப் போகிறவனின் பையில் இப்போது அதே காகிதம் இருக்கிறது, மடித்த ஓரம் மார்பில் குத்துகிறது, எடுத்து வேறு பையில் வைக்கலாம், வைக்கவில்லை. பள்ளியின் கால அட்டவணையில் எங்கள் மலை மொழிக்குத் தமாஸிக்த் என்று பெயர், சட்டப் புத்தகத்திலும் அப்படித்தான், வீட்டில் நாங்கள் கபைல் என்போம், மலையில் பிறந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள், பெயரில் என்ன, வகுப்புக்கு ஓர் அறை இருந்தால் போதும் என்றுதான் நான் எப்போதும் சொல்லிவந்தேன். அறையும் இல்லை. இது பழைய ரசாயனக் கூடம், மேஜைகளில் இன்னும் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதிலொன்று சொட்டுகிறது.

காலையில் டிராமில்தான் கொடுத்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம், கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பையிலிருந்து எடுத்தாள், ஏதோ சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் என்று நினைத்தேன். "பப்பா, இதுல ஒரு கையெழுத்து வேணும்." படித்தேன். ஒரு நிறுத்தம் போய்விட்டது. "ஏன்?" "வேணாம், அவ்வளவுதான்." "யாராவது கிண்டல் பண்றாங்களா?" "இல்ல." "மார்க்கா?" தோளைக் குலுக்கினாள். "என்மேல கோபமா?" "உங்கமேல எனக்கென்ன கோபம்?" பிரெஞ்சில் கேட்டேன், பிரெஞ்சில் சொன்னாள், எங்களுக்குள் அதுதான் வழக்கம், அவள் பிறந்த நாளிலிருந்து. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். அதற்குத்தான் கொஞ்சம் நிறுத்திப் பதில் சொன்னாள். "அம்மா கேட்டா மார்க்குக்காகன்னு சொல்லிடுங்க." மார்க்குக்காக இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம், மார்க்குக்காக என்றால் மார்க்குக்காக என்று சொல்லியிருப்பாளே, நான் அதையும் கேட்டிருக்கலாம், கேட்பதற்குள் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, பள்ளி வாசலில் வழக்கம்போல் அவள் இருபதடி முன்னால் போய்விட்டாள். பதின்மூன்று வயதில் எந்தப் பெண்ணும் வாத்தியார் அப்பாவோடு வாசலைத் தாண்ட மாட்டாள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிறுத்தம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவள் ஜன்னலைப் பார்த்த விதம்.

மார்க் என்றே வைத்துக்கொள்வோம். இருபதுக்கு ஏழு. போன தேர்விலும் ஏழு, அதற்கு முன் ஏழு, ஒருதடவை ஆறரை. கணக்கில் பதினேழு வாங்குகிறவள், பிரெஞ்சில் பதினெட்டு, அரபியில் பதினைந்துக்குக் குறையாது, அப்பன் பாடத்தில் மட்டும் ஏழு. ஆசிரியர் அறையில் யாரும் முகத்துக்கு நேரே சிரிப்பதில்லை, நல்லவர்கள், தேநீரை முதலில் என் பக்கம்தான் தள்ளுவார்கள். இந்த வகுப்பின் முதல் மாணவி ஹதீல், அதோ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாளே அவள், அவள் வீட்டில் ஏழு தலைமுறைக்கும் ஒரு கபைல்காரன் கிடையாது, சுத்தமான ஓரான்காரி, அவள் அம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள், உஸ்தாத், இதுல நல்ல மார்க் வாங்கினா சராசரி ஏறும்னாங்க, அதான் சேர்த்தேன் என்று. சேர்த்தாள், பிள்ளை ஆறு மாதத்தில் என்னோடு கபைலில் சண்டை போடுகிறது. ஹதீலுக்கு வருகிறது, என் மகளுக்கு வரவில்லை. இதற்குப் பல காரணங்களை நான் தயாராக வைத்திருக்கிறேன், பரம்பரை, பிடிவாதம், வயது, ஆனால் எந்தக் காரணத்தையும் இரண்டாவது தடவை சொல்லிப் பார்த்தால் நிற்பதில்லை. "உஸ்தாத், அலமாரிக்கு என்ன சொல்றது?" என்று யூபா கேட்கிறான். அவன் கபைல் பிள்ளைதான், வீட்டிலும் பேசுவார்கள், ஆனால் அலமாரிக்குப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் சொல்வார்கள். "உங்க வீட்ல எப்படிச் சொல்வாங்களோ அப்படியே எழுது" என்கிறேன். அவனுக்கு நிம்மதி. கரும்பலகையில் கேள்வி இருக்கிறது, நானே நேற்று யோசித்து எடுத்த கேள்வி, உங்கள் வீட்டில் எந்தெந்த மொழி எதற்கெதற்குப் பயன்படுகிறது, பத்து வாக்கியம். எழுதும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் என் வீட்டை நானே பலகையில் எழுதிப் போட்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் வீட்டில் எது எதற்கு என்று என்னைக் கேட்டால் நான் பத்து வாக்கியம் எழுத வேண்டியதில்லை. இரண்டு போதும். மகளோடு பிரெஞ்சு, மகளுக்குத் தெரியக் கூடாததெல்லாம் கபைல். இதை நாங்கள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை, யாரும் தீர்மானிப்பதில்லை, தெருவில் அரபி இருக்கிறது, படிப்புக்குப் பிரெஞ்சு வேண்டும், முதலில் அதைக் கொடுப்போம், கபைல் எங்கே போய்விடும், வீட்டிலேயே இருப்பது, சளி பிடிப்பதுபோல் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னவன் நான்தான். வர்தியா அப்போதே கேட்டாள், நாளைக்கு ஊருக்குப் போனால் என் அக்காவோடு இவள் எதில் பேசுவாள் என்று. நான் சிரித்தேன். வர்தியா பிறகு கேட்கவில்லை, என் மனைவிக்கு ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும் பழக்கம் இல்லை. அப்புறம் அது வசதியாகப் போயிற்று. வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினானா, கபைல். பக்கத்து வீட்டுக்காரி புருஷனை விட்டுப் போனாளா, கபைல். என் அண்ணன் நிலத்தை எங்களுக்குச் சொல்லாமல் விற்றபோது இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜையில் கபைல்தான். திஸீரி எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உடைத்துத் தின்றுகொண்டிருப்பாள், காலை ஆட்டிக்கொண்டு, சில சமயம் நிமிர்ந்து பார்ப்பாள், என்ன சொல்றீங்க என்பாள், ஒன்றுமில்லை கண்ணே, உப்பைப் பற்றி என்போம். நான் காலையில் எட்டு மணிக்குப் பிறர் பிள்ளைகளுக்கு அந்த மொழியின் கதவுகளைத் திறந்துவிட்டு, மாலையில் என் பிள்ளைக்கு முன்னால் அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது வகுப்பில் அவளை என் வகுப்பில் சேர்த்துவிட்டு, முதல் தேர்வில் ஏழு வாங்கியதும் கோபித்துக்கொண்டேன். நியாயம்தானா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

கதவு திறக்கிறது. தலைமையாசிரியை மதாம் ஸெனாத்தி, கையில் அட்டவணைக் கோப்பு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறார், நல்ல மனுஷி, போன வருடம் என் வகுப்புக்காக மேலிடத்தில் நாற்காலி நாற்காலியாகப் போய் நின்றவர். வெளியே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டுகிறார். "ஸி மொக்ரான், ரயான் அப்பா வந்திருந்தார். அவருக்கு அன்னாபா ஊருக்கு மாற்றல் வந்திருக்காம். வெள்ளிக்கிழமையோட பையன் போறான்." "தெரியும்." "அப்ப பத்து." "பத்துதான்." "பத்து இருந்தா நான் வகுப்பைக் காப்பாத்திடுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் கையில இல்ல. மணியடிச்சதும் பட்டியலை அனுப்பணும்." பிறகு குரலைத் தாழ்த்துகிறார். "உங்க பொண்ணு நேத்து என்கிட்ட ஒரு விலக்குப் படிவம் வாங்கிட்டுப் போச்சு. யாரோ தோழிக்குன்னு நினைச்சேன். எதுக்கு?" "இன்னும் கையெழுத்துப் போடல" என்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பிள்ளைங்க இந்த வயசுல அப்படித்தான். பத்து மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வகுப்புக்குள் திரும்பி வரும்போது திஸீரி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறாள். கேட்டிருக்குமா. கேட்டிருந்தால் என்ன, கணக்கில் பதினேழு வாங்குகிறவளுக்குப் பத்தில் ஒன்று போனால் எவ்வளவு என்று தெரியாதா. தெரிந்தேதான் கேட்கிறாள். தன் அப்பாவின் வகுப்பைக் கலைத்துவிட்டு எங்கே போகப் போகிறாள், நூலகத்துக்கு, அந்த இரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுக்குத்தானா.

வகுப்பு போனால் நான் சாகப் போவதில்லை. மூன்று பள்ளிகளுக்குப் பிரித்துப் போடுவார்கள், திங்கள் இங்கே, புதன் அங்கே, டிராமில் பாதி நாள் போகும், சம்பளம் வரும். பயம் அது இல்லை என்று எனக்கே தெரியும். எனக்கு ஒன்பது வயதில், மலையில், ஒரு வாத்தியார் வெளியூரிலிருந்து வந்திருந்தார், வகுப்பில் கபைலில் வாயைத் திறந்தால் விரல்களைக் குவித்து நீட்டச் சொல்வார், நகக்கண்ணில் அளவுகோல் விழும். எனக்கு விழுந்திருக்கிறது, குளிர்காலத்தில் விழுந்தால் மதியம்வரை வலிக்கும். அப்படியும் அது எங்களை விட்டுப் போகவில்லை, இடைவேளையில் கழிவறைக்குப் பின்னால் நின்று ஒருவருக்கொருவர் வாய் நிறையக் கபைலில் வைதுகொள்வோம், அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. இன்றைக்கு யாரும் அடிப்பதில்லை. இன்றைக்கு அது ஆட்சிமொழி, அரசாங்கக் கட்டடங்களின் பெயர்ப்பலகைகள் மூன்று வகை எழுத்தில் இருக்கின்றன, நடுவில் இருக்கும் எங்கள் எழுத்து, பூட்டும் சாவியும் மாதிரி இருக்கிறதென்று குழந்தைகள் சிரிக்கும், ஜனவரியில் எங்கள் புத்தாண்டுக்கு நாடே விடுமுறை, பள்ளியில் ஹதீல் அம்மாகூட எங்கள் மஞ்சள் உடுப்பைத் தைத்து மாட்டி அனுப்புகிறாள், கூஸ்கூஸ் கிண்டுகிறோம், மதாம் ஸெனாத்தி பேசுகிறார், எல்லாரும் கைதட்டுகிறோம். மறுநாள் விலக்குக் கடிதம் வருகிறது. அளவுகோலால் போகாதது கைதட்டலில் போய்விடுமோ என்று ஒருதடவை ஆசிரியர் அறையில் சொன்னேன், நன்றாகச் சொன்னாய் என்றார்கள், நானும் நன்றாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளோடு பிரெஞ்சில் பேசினேன். பயம் இதுதான், வேறொன்றுமில்லை, நாளைக்கு யாராவது, யார் கடைசியாகக் கதவைச் சாத்தினது என்று கேட்டால், அளவுகோல் வாத்தியாரைக் காட்ட முடியாது. அவர் பாவம் எப்போதோ செத்துப்போனார்.

குழாய் சொட்டுகிறது. எழுந்து போய்த் திருகிப் பார்க்கிறேன், நிற்கவில்லை, கீழே துணியை வைக்கிறேன், சத்தம் குறைகிறது. வர்தியாவிடம் என்ன சொல்வது. மார்க்குக்காக என்று சொன்னால் நம்புவாள். நம்பிவிட்டு, சரி விடுங்கள் என்பாள், அவள் எதையுமே சரி விடுங்கள் என்றுதான் சொல்வாள், அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அப்படி ஆகிவிட்டாள். திஸீரிக்கு அப்போது ஆறு வயது. வர்தியாவுக்கு ஐந்தாம் மாதம், யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்றில் அசைவில்லை என்றாள், கபைலில், சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, திஸீரி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மருத்துவமனையில் நான்கு நாள். மகளிடம் பிரெஞ்சில் சொன்னேன், அம்மா ஊயிஸா சித்தி வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்று. அவள் சரி என்றாள். ஐந்தாம் நாள் வர்தியா வந்து உட்கார்ந்து, சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, ஆண்பிள்ளை என்றாள், அதையும் கபைலில், உப்பு கேட்கிற குரலில். அதற்குப் பிறகு அவளாக அதைப் பேசாமல் இருந்ததில்லை. தினமும் இல்லை, மாதத்துக்கு ஒருதடவை, பட்டாணி உரிக்கும்போதோ பழம் நறுக்கும்போதோ, இப்போது நடக்கத் தொடங்கியிருப்பான், இப்போது பல் விழும் வயசு, இந்தச் செப்டம்பரில் இரண்டாம் வகுப்புக்குப் போயிருப்பான். நான் ஆமாம் என்பேன். என் மனைவி பிரெஞ்சில் ஒருநாளும் அழுததில்லை, அரபியில் அழுததில்லை, கபைலிலும் அழுவதில்லை, ஆனால் அவன் இருப்பது அதில் மட்டும்தான், அந்த ஒரு மேஜையில் மட்டும்தான். இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன் என்று தெரியவில்லை. மணி ஒன்பது நாற்பது.

முதலில் எழுந்து வருவது திஸீரி. இது வழக்கமில்லை, அவள் கடைசி நிமிடம்வரை பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பவள். தாளை மேஜையில் வைக்கிறாள், போகவில்லை, நிற்கிறாள். நான் சிவப்புப் பேனாவை எடுக்கிறேன். முதல் மூன்று வாக்கியம் அவளுடைய வழக்கமான வாக்கியங்கள், கால் ஒடிந்தவை, என் வீடு நல்ல வீடு, என் வீட்டில் மூன்று மொழி இருக்கு, எனக்கு மூன்றும் பிடிக்கும், வட்டம் போடுகிறேன், வட்டம் போடுகிறேன், பிறகு வட்டம் போட ஒன்றுமில்லை. நான்காவது வாக்கியத்திலிருந்து எழுதியிருப்பது வேறு ஆள். மலையில் பிறந்த யாரோ எழுதியதுபோல் இருக்கிறது, வர்தியா பேசுவதுபோல் இருக்கிறது, அவள் மூச்சு விடுகிற இடத்தில்தான் கமா இருக்கிறது. பிரெஞ்சில் அப்பா சொன்னார் அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று. கபைலில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு இப்போது முன்பல் விழுந்திருக்கும், அம்மா போன மாதம் சொன்னாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் புரியும், புரியாத மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். புரிகிறது என்று தெரிந்தால் அவர்கள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள், அல்லது அம்மா அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுவாள், அப்புறம் எனக்கு அவன் இல்லை. அதனால்தான் தப்புத் தப்பாக எழுதுகிறேன், ஆனால் வேண்டுமென்றே தப்பாக எழுதுவது கஷ்டம், ஒருநாள் மறந்து சரியாக எழுதிவிடுவேன். அப்பா காலையில் ஏன் என்று கேட்டார், அதனால்தான்.

பத்து வாக்கியம். எண்ணிப் பார்க்கிறேன், பத்துதான். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், யூபா அழிரப்பரைத் தேய்க்கிறான், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும், முதலில் வந்தது பெருமை, இருபதுக்கு இருபது, என் மகள், அப்புறம்தான் வருடங்களை எண்ணினேன். ஏழு வருடம் எங்கள் மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அண்ணன் நிலத்தை விற்றது, நான் அவனை வைதது, வீட்டுக்காரனை நாங்கள் எப்படி ஏமாற்றலாம் என்று பேசியது, ஒருதடவை வர்தியாவிடம் நான் பேசக் கூடாத ஒன்றைப் பேசினேன், உன் கவனக்குறைவுதான் என்று, அதையும் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு மறுநாள் டிராமில் என் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருக்கிறது. "அம்மாகிட்ட நாமே சொல்லிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்கிறேன், பிரெஞ்சில்தான் வருகிறது, "அவ கோபப்பட மாட்டா." "கோபப்பட மாட்டாங்க" என்கிறாள் அவளும் பிரெஞ்சில். "பேச மாட்டாங்க. நான் தூங்கினப்புறம் உங்ககிட்ட அவனைப் பத்திப் பேசுவாங்களா?" யோசிக்கிறேன். இல்லை. என்னோடு தனியாக இருக்கும்போது வர்தியா அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்று பேரும் மேஜையில் இருக்கும்போதுதான் சொல்வாள். ஏழு வருடத்தில் எனக்கு இது ஒருதடவைகூட உறைக்கவில்லை, பிள்ளைக்கு உறைத்திருக்கிறது. "இந்தத் தாள் வீட்டுக்குப் போகணும், அம்மா கையெழுத்துப் போடணும், தெரியும்ல?" என்கிறேன். "தெரியும். நீங்க படிக்கத்தான் எழுதினேன்." ஹதீல் தாளோடு எழுந்திருக்கப் பார்க்கிறாள், உட்கார் என்று கையைக் காட்டுகிறேன், உட்காருகிறாள், அவளுக்கு அடுத்த வாரம் என்ன பாடம் என்று வகுப்பு முடியும்போது கேட்கும் பழக்கம் உண்டு, இன்றைக்குக் கேட்காமல் இருந்தால் நல்லது. அவளுக்கு நான் என்ன குற்றம் செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஒன்பது பிள்ளைகளுக்கும் தெரிந்தே செய்யப் போகிறேன்.

கடிதத்தை எடுத்து மேஜையில் நீவுகிறேன், மடிப்பு போகவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். பெயர் பெரிய பெயர் இல்லை, இருந்தும் நேரமாகிறது. மதாம் ஸெனாத்தி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து கதவில் நிற்கிறார், நானே போய்க் கொடுக்கிறேன். அவர் கண்ணாடியை இறக்கிப் படிக்கிறார். "மார்க்குக்காகவா?" "மார்க்குக்காக." "நீங்களா இப்படி, ஸி மொக்ரான்?" என்கிறார், கோப்பைத் திறந்து எண் ஒன்றை அடித்து வேறு எண் எழுதுகிறார், எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் நடையின் கோடிவரை கேட்கிறது. திரும்பி வந்து இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து மகளிடம் நீட்டுகிறேன். அவள் கேட்கவில்லை, விளக்கவும் வேண்டியிருக்கவில்லை, முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து மளமளவென்று எழுதுகிறாள், என் வீடு நல்ல வீடு, என் வீட்டில் மூன்று மொழி இருக்கு, யோசிக்காமல், கை பழகிய வேகம், ஒரு வார்த்தையைச் சரியாக எழுதிவிட்டு நிறுத்தி, அடித்து, கெடுத்து எழுதுகிறாள். முதல் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறேன். ஆறு நிமிடத்தில் புதுத் தாள் வருகிறது. படிக்கிறேன், வட்டம் போட்டு எண்ணிப் பார்க்கிறேன், மார்க்கைக் கூட்டினால் இருபதுக்கு ஒன்பது வருகிறது, வர்தியா கவனித்துவிடுவாள், என்ன திடீரென்று என்பாள். தாளைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் இரண்டு தப்பு சேர்த்துவிடு என்று சொல்கிறேன், தாழ்ந்த குரலில், கபைலில், பாடத்தில் சொல்வதைத் தவிர, அவள் பிறந்ததிலிருந்து அந்த மொழியில் அவளோடு நான் பேசும் முதல் வாக்கியம், சரி என்று அவளும் கபைலில் சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்கிறாள்.